கொட்டகையில் தூங்கும் குட்டி டிராக்டர்... எழுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தென்னந்தோப்போ வாழைத்தோட்டமோ வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மாட்டுக்கொட்டகையை ஒட்டி, கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மினி டிராக்டர். அப்பா ஆசையாக வாங்கியது. அவருக்கு உடம்பு முடியாமல் போன வருஷத்தோடு அதுவும் நின்றுவிட்டது. சீட்டில் கோழி அடைகாக்கும். காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து, எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருப்பார். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும் மகனோ மகளோ, அதைப் பார்த்து மனசு கேட்காமல், “புது பேட்டரி போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே” என்பார்கள்.

அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த டீசல் வண்டி நின்றுபோவதற்கான காரணம் பல நேரங்களில் சின்னதாகவே இருக்கும். தீர்ந்துபோன பேட்டரி, அடைத்துக்கொண்ட ஃபில்டர், லைனில் ஏறிய காற்று என்று சில ஆயிரங்களில் முடிகிற வேலை. ஆனால், வருஷக்கணக்கில் நின்ற வண்டியை எதையும் பார்க்காமல் முடுக்கினால், அரை நிமிஷத்தில் இன்ஜினையே இறக்க வேண்டிய நிலை வந்துவிடும். பழைய டீசல் வண்டிக்கு வயசைவிட பெரிய எதிரி நம் அவசரம்தான்.

டீசல் ஏன் சீக்கிரம் சாகாது?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை, ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்த நேரத்தில் நாசில் வழியே டீசலைப் பீய்ச்சினால், அது தானாகவே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே சங்கதிதான்.

ஆக, பழைய டீசல் இன்ஜின் ஓட மூன்று விஷயங்கள் போதும். சுத்தமான காற்று, சுத்தமான டீசல், காற்றை நெருக்கும் பலம். இந்த மூன்றாவதைத்தான் மெக்கானிக்குகள் ‘கம்ப்ரஷன்’ என்கிறார்கள். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லை. அதனால் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்றால் இந்த மூன்றில் எது இல்லை என்று வரிசையாகத் தேடினால் போதும். கண்டதையும் வாங்கி மாட்ட வேண்டியதில்லை.

நம் ஊர்த் தோப்புகளில் அதிகம் பார்க்கக்கூடிய ‘மித்சுபிஷி சக்தி’ 180டி வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் மித்சுபிஷியோடு கைகோத்து 1967-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி நிறுவனத்தின் வண்டி அது. மூன்று சிலிண்டர், சுமார் 18 எச்.பி. சக்தி. தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே 25 அடி விட்டு நட்ட தோப்பில் பெரிய டிராக்டர் திரும்பத் திணறும் இடங்களில், இந்த மாதிரி குட்டி வண்டிகள் வளைந்து நெளிந்து போய்விடும்.

சும்மா நின்றால் உள்ளே என்ன நடக்கும்?

நிறுத்திவைத்த வண்டி அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

டீசல் டேங்கில் பாதிதான் டீசல் இருந்தால், மீதி இடத்தில் காற்று. இரவுக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி, டீசலைவிட கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, சளி போன்ற ஒரு கசடு உருவாகும். அது ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் பம்ப்பிலும் நாசிலிலும் துருவை ஏற்றும்.

சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். திறந்திருக்கும் வால்வு வழியாக அது சிலிண்டருக்கே போய்விடலாம். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் ‘இன்ஜின் ஜாம்’ என்கிறோம்.

இது போதாதென்று வாடகை தராத குடித்தனக்காரர்கள் வேறு! ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி கூடு கட்டும். வயர்களைக் கடித்துவைக்கும். சின்னச் சின்னக் குழாய் வாய்களைக் குளவி மண் வைத்து அடைத்துவிடும்.

இவ்வளவும் உள்ளே இருக்கும்போது சாவியைத் திருப்பினால் என்ன ஆகும்? ஒட்டிய ரிங் உடையும். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால், காற்றைப் போல அது நெருங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். எண்ணெய் வடிந்து காய்ந்த பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்... எட்டு படிகள்

ஒரு சனி, ஞாயிறு முழுதாக ஒதுக்கினால் போதும். வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

1. போட்டோ எடுங்கள். எதைக் கழற்றும் முன்பும் செல்போனில் நாலு பக்கமும் படம். எந்த வயர், எந்த பைப் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இது பிள்ளைகளின் வேலை. கழற்றிய போல்ட் நட்டுகளைப் பழைய ஐஸ்க்ரீம் டப்பாக்களில் போட்டு, மேலே பேர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பேட்டரி இருந்தால் அதன் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிடுங்கள்.

2. காற்று வரும் வழி. ஏர் ஃபில்டரைத் திறந்து கூடு, தூசி எல்லாவற்றையும் எடுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அடியில் எண்ணெய் ஊற்றும் வகை ஃபில்டர் இருக்கும். பழைய எண்ணெயைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, கோடு போட்ட அளவுக்கு மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் இன்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சிவிடும்.

3. இன்ஜின் ஆயில். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மெக்கானிக் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. அளவைவிட அதிகமாக ஏறியிருந்து டீசல் வாடை அடித்தாலும் அப்படித்தான். எல்லாம் சரியாக இருந்தாலும் பழைய ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலை கேனில் பிடித்து வையுங்கள். தென்னை மூட்டிலோ கிணற்றோரத்திலோ ஊற்ற வேண்டாம்.

4. கையால் சுற்றுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள், முன்பக்க கிராங்க் புல்லியின் நட்டில் பெரிய ஸ்பேனர் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்ற வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றில்தான் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வேலையை முடிக்கும்.

சுற்றவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, தினம் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. பல இன்ஜின்கள் இப்படித்தான் விடுபடுகின்றன. விடுபட்ட பிறகு, துளைகள் திறந்திருக்கும்போதே பல சுற்று சுற்றி, உள்ளே ஊற்றியதை வெளியேற்றிவிட்டுத்தான் பிளக்கை மாட்ட வேண்டும். அது தெறித்து வரும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

5. டீசல் பக்கம். டேங்கில் இருப்பதை முழுதாக வடித்து, கசடைக் கழுவுங்கள். ஃபில்டர் புதிது. வெடித்துப்போன ரப்பர் பைப்புகளும் புதிது. அதில் விழும் மயிரிழை ஓட்டைகூட காற்றை உறிஞ்சி வண்டியை நிறுத்திவிடும். புது டீசல் ஊற்றியதும், ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வழியும்போது இறுக்கிவிடுங்கள். ‘ஏர் எடுப்பது’ என்று சொல்வது இதைத்தான். நின்றுபோன எத்தனையோ வண்டிகளை எழுப்பும் மந்திரம் இதுவே!

6. தண்ணீர். ரேடியேட்டர் பழுப்புத் தண்ணீரை வடித்து, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு, உள்குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். நிரப்பும்போது கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட்டில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

7. முதலில் ஆயில் ஏறட்டும். நல்ல பேட்டரியை மாட்டி, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தபடி, அதாவது டீசல் போகாதபடி, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். ஒரு நிமிஷம் ஓய்வு. மறுபடி பத்து விநாடி. ஆயில் லைட் அணையும்வரை இப்படிச் செய்தால், காய்ந்துபோன பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்துவிடும்.

8. கையில் ஒரு பலகை. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, அந்த வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தட்டையான மரப்பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஏன் என்று அடுத்து சொல்கிறோம்.

ஸ்டார்ட் ஆனதும்...

ஹீட்டரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை குறைவாக வைத்து சாவியைத் திருப்புங்கள். இருமும், புகையும், பிறகு பிடிக்கும். உடனே உறுமவிட்டு வீடியோ எடுக்காதீர்கள். கண் ஆயில் லைட்டில் இருக்கட்டும். சில விநாடிகளில் அணையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

பம்ப்பின் கவர்னர் சிக்கிக்கொண்டாலோ, இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்தாலோ, வண்டி கட்டுப்பாடில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது காற்றை அடைப்பதுதான் ஒரே வழி. அதற்குத்தான் அந்தப் பலகை. கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது; உறிஞ்சும் வேகத்தில் உள்ளே இழுத்துவிடும். அபூர்வமாகத்தான் இப்படி நடக்கும். ஆனால், நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

நன்றாகப் பிடித்துவிட்டதா? இனி புகையைப் பாருங்கள். இன்ஜினுக்குள் இருப்பதை அதுவே சொல்லும்.

* கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பாருங்கள்.
* நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். நெடுநாள் நின்ற வண்டியில், ஒட்டிய ரிங்குகள் சில மணி நேர ஓட்டத்தில் விடுபட்டு இது தானாகக் குறைவதும் உண்டு.
* வெள்ளைப் புகை: ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வந்து நின்றால் சரி. கண்ணை எரிக்கும் வாடையோடு தொடர்ந்தால், டீசல் சரியாக எரியவில்லை; கம்ப்ரஷன் குறைவு அல்லது நாசில் கோளாறு. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இதை மட்டும் செய்யாதீங்க!

* ஸ்டார்ட் ஆகாத வண்டியை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுப்பது. உள்ளே ஜாம் ஆகியிருந்தால் ரிங்கோ ராடோ போய்விடும்.
* பெட்ரோல் நனைத்த துணியை ஏர் குழாயில் காட்டுவது. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் இன்ஜினில் இது வெடிக்கே சமம்.
* சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது.
* கல்லையும் தென்னங்கட்டையையும் முட்டுக்கொடுத்து வண்டிக்கு அடியில் படுப்பது. ஜாக்கி தூக்க மட்டும்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும்.
* நாசில் பீய்ச்சுவதைக் கையை நீட்டிப் பார்ப்பது. 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்ததுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால், நேரம் கடந்தால் விரலையே எடுக்க வேண்டிவரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘டீசல் உள்ளே ஏறிவிட்டது’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எது நம் வேலை, எது பட்டறை வேலை?

மேலே சொன்ன எட்டும் வீட்டிலேயே செய்யலாம். பம்ப்பையும் நாசிலையும் மட்டும் திறக்கவே வேண்டாம். பம்ப்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். நம் தலைமுடியின் தடிமனே அதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு தூசி போதும் கெடுக்க. அதற்கென்றே பம்ப் ரிப்பேர் கடைகள் இருக்கின்றன. டெஸ்ட் மெஷினில் மாட்டி, எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்று சரிபார்த்துத் தருவார்கள்.

இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: “கம்ப்ரஷன் எவ்வளவு காட்டுதுங்க?” கேஜ் மாட்டிப் பார்த்துச் சொல்பவரை நம்பலாம். மூன்று சிலிண்டரும் இருக்க வேண்டிய அளவுக்குக் குறையாமல், ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், முழு வேலைக்கு இப்போது அவசரமில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அங்கே வால்வோ, ரிங்கோ, கேஸ்கட்டோ பிரச்னை. பிரித்தபின் லைனரை அளந்து பார்த்துத்தான் ரிங் மட்டும் போதுமா, பிஸ்டன் லைனர் செட்டே வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொன்ன அளவுக்கு இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் கடைசி. பலர் முதலில் பெயின்ட் அடித்து, காசு தீர்ந்ததும் பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் வண்ணம். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 1809 என்றிருந்தால், 2009-ம் ஆண்டின் 18-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் மிச்சமிருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரை நம்ப வேண்டாம்.

பின்னால் ரொட்டாவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மூடி இருக்கிறதா? அது நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ, சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ சிக்கினால் ‘ஐயோ’ என்று கத்தவும் நேரம் கிடைக்காது. காணாமல் போன அந்த மூடியை முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டான் பேர் வைத்த இன்ஜின்

ஜெர்மனியின் ருடால்ஃப் டீசல், 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய முதல் டீசல் இன்ஜின் சுமார் பத்தடி உயரம், நாலரை டன் எடை. சக்தியோ ஏறக்குறைய 20 எச்.பி.தான்! இன்று அதே அளவு சக்தியுள்ள ஒரு மினி டிராக்டர் முழு வண்டியாகவே ஒரு டன்னுக்கும் குறைவு.

அதைச் சின்னதாக்கியதில் பெரிய பங்கு ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு உண்டு. ஜப்பானின் ஷிகா பகுதியில் பிறந்த யமவோகா மகோகிச்சி, ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் டீசல் இன்ஜினைப் பார்த்து வியந்து, சிறு விவசாயிக்கும் உதவும் குட்டி டீசலை 1933-ல் உருவாக்கினார். அவர் நிறுவனம்தான் ‘யன்மார்’. ஜப்பானிய மொழியில் ‘யன்மா’ என்றால் பெரிய வகைத் தட்டான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நாம் சொல்வதுபோல, தட்டான் கூட்டம் நல்ல விளைச்சலின் அடையாளம் என்பது ஜப்பானியர்களின் நம்பிக்கை.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விகள்.

இன்ஜின் பிளாக்கிலோ கியர்பாக்ஸ் உடம்பிலோ வெடிப்பு இருக்கிறதா? ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறதா? வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களுக்கு வண்டி தேவை? வேளாண் பொறியியல் துறையே டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. ‘உழவன்’ செயலியில் பதிவு செய்யலாம். உங்கள் தேவைக்கான வாடகையையும் ரிப்பேர் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வெடிப்பு இல்லை, பார்ட்ஸ் கிடைக்கிறது, வாரம் ஒரு முறையாவது வேலை இருக்கிறது என்றால் தைரியமாகச் செலவு செய்யலாம்.

ஆர்.சி. புக்கையும் மறக்க வேண்டாம். சொந்த விவசாயப் பயன்பாட்டுக்கான டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். வண்டி இறந்துபோன அப்பா பேரிலேயே இருந்தால், வாரிசுகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்றிக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. எத்தனை லட்சம் செலவழித்தாலும், ஓட்டுகிற வண்டி உங்கள் பேரில் இல்லையென்றால், விபத்து நடக்கும் அன்று அது பெரிய தலைவலி.

மறுபடி தூங்கவிடாதீங்க!

எழுந்த வண்டியை முதல் நாளே ஆழ உழவில் இறக்க வேண்டாம். முதலில் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டம், பிறகு களை மேல் லேசான ரொட்டாவேட்டர், பிறகு கல்டிவேட்டர் என்று படிப்படியாக ஏற்றுங்கள். முதல் 50 மணி நேர ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள். உள்ளே இருந்து கரைந்து வந்த அழுக்கு அதோடு போய்விடும். வேலை இல்லாத மாதங்களிலும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். டேங்கை நிரப்பியே வையுங்கள். சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தால் மழைக்கும் குளவிக்கும் கவலையில்லை.

சீட்டுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருக்கட்டும். மணி மீட்டர் எவ்வளவு, என்றைக்கு ஆயில் மாற்றினோம், எந்த ஃபில்டர், எந்தக் கடை என்று எழுதிவையுங்கள். அடுத்து அந்த வண்டியைக் கையில் எடுக்கப்போகிறவர், அது மகளோ பேரனோ, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்க மாட்டார்.